ஹால் கம்பளத்தில் ஏறாத மெஷின்

அந்த மெஷின் பங்களாவுக்கு வந்த அன்றே எனக்கு அதைப் பிடிக்கவில்லை. ஏன் என்று யாராவது கேட்டிருந்தால் பதில் சொல்லத் தெரிந்திருக்காது. ஒரு சாமான் என்றால் நாம் தள்ளினால் போக வேண்டும், கையை எடுத்தால் நிற்க வேண்டும். இது நம்மைக் கேட்காமலே போகப் பார்த்தது. கைப்பிடியை லேசாக முன்பக்கம் சாய்த்தால் தானாக முன்னால் ஓடும். பின்பக்கம் சாய்த்தால் தானாகப் பின்னால் வரும். தூசியை உறிஞ்சுவதும் அதுவே, நடப்பதும் அதுவே, கூடப் போவது மட்டும்தான் உன் வேலை என்று துரையின் மனைவி, எங்கள் துரைசாணி, சிரித்துக்கொண்டே காட்டினார். நானும் சிரித்து வைத்தேன்.

பதுளையிலிருந்து பசறைக்குப் போகிற பஸ் ரோட்டிலிருந்து மேலே ஏறினால் எங்கள் தேயிலைத் தோட்டம். நான் தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களாவில் வீட்டு வேலை பார்த்தேன். என் வீட்டுக்காரருக்கு ஸ்டோரில் வேலை. தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். ஞாயிற்றுக்கிழமைக்குப் பதிலாக, நிலாவைக் கணக்குப் பார்த்து வரும் போயா நாளில் லீவு விட்ட அந்தச் சில வருஷங்களில் நடந்தது இது. எங்களுக்குக் கல்யாணமாகி அப்போது அதிக நாள் ஆகவில்லை. அவர் நிறையப் பேசுவார், அதைவிட நிறையச் சிரிப்பார். எனக்கு வாய் நீளம் என்று தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பெயர். இரண்டும் சேர்ந்து எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் சத்தத்துக்குக் குறைவே இருக்காது.

துரை வெள்ளைக்காரர், சின்ன வயது. ஊருக்குப் போய்க் கல்யாணம் பண்ணிக்கொண்டு திரும்பினார். துரைசாணியோடு கப்பலில் வந்து, பதுளை வரை ரயிலில் வந்து, அங்கிருந்து தோட்ட லொறியில் ஏறி வந்த சாமான்களில் முக்கியமானவை இரண்டு. ஒன்று அந்த மெஷின். மற்றது ஒரு கம்பளம். அதைச் சுருட்டியபடி இறக்கவே நாலு ஆள் வேண்டியிருந்தது. ஹாலில் விரித்தார்கள். பாலாடை நிறம். கம்பளி மயிர் அவ்வளவு உயரம், அவ்வளவு அடர்த்தி. காலை வைத்தால் விரல்கள் உள்ளே போய் மறைந்துவிடும். அதில் யார் நடந்தாலும் சத்தமே வராது. பின்னால் ஆள் வந்து நிற்பது தெரியாது. அப்படித் துரைசாணி என் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்க, நான் எத்தனையோ தடவை திடுக்கிட்டிருக்கிறேன்.

மெஷின் வந்த சேதியைச் சொன்னதும் என் வீட்டுக்காரர் முதலில் கேட்டது சக்கரம் இருக்கிறதா என்றுதான்.

"இருக்கு. சின்னச் சின்னதா நாலு."

"தானா ஓடுது, சக்கரமும் இருக்கு. அப்ப அது வண்டிதானே புள்ள? எலுமிச்சம்பழம் வைக்காம ஓட்டலாமா?"

ஸ்டோரில் புது மெஷின் எது வந்தாலும் சந்தனம், குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டித்தான் ஓட விடுவார்கள். லொறி வந்தால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். அது நசுங்கினால் வரப்போகிற கெடுதல் அதோடு போயிற்று என்று அர்த்தம். அவர் சொன்னது எனக்கு நியாயமாகவே பட்டது. மறுநாள் முந்தானையில் ஒரு பழத்தை முடிந்துகொண்டு போனேன். துரைசாணி குளிக்கப் போன நேரம் பார்த்து, ஹால் கம்பளத்தின் மேல் பழத்தை வைத்து, சக்கரத்தை அதன்முன் நிறுத்திக் கைப்பிடியைச் சாய்த்தேன். சமையல்கார அப்பு கதவோரம் நின்று காவல் பார்த்தார்.

பழம் கம்பளி மயிருக்குள் புதைந்துகொண்டது. சக்கரம் அதன்மேல் ஏறப் பார்த்தது, உறுமியது, பின்வாங்கியது. மறுபடியும் சாய்த்தேன். மறுபடியும் அதே உறுமல். மூன்றாவது தடவை பழம் நழுவி சோபாவுக்கு அடியில் உருண்டு போனது. கையை விட்டு எடுத்துப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை. வந்த கெடுதல் வந்தபடியே இருக்கிறது என்று எனக்குள் ஒரு குரல் சொன்னது. அப்பு பழத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய் வேலிக்கு வெளியே எறிந்துவிட்டு வந்து கையைக் கழுவினார்.

"நசுங்கலையா?" என்று அன்று சாயந்திரம் என் வீட்டுக்காரர் கேட்டார்.

"நசுங்கலைங்க."

சிரித்துவிட்டார். "அப்ப அது வண்டி இல்ல. விட்டுத் தள்ளு."

விட்டுத் தள்ள முடியவில்லை. தினமும் அதோடுதானே என் பாடு. பங்களாவில் ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு விரிப்பு, ஒவ்வொன்றிலும் அதற்கு ஒரு குணம். முன் வராந்தாவில் தேங்காய் நார் விரிப்பு. அதில் விட்டால் நாரைப் பிடுங்கித் தன் உருளையில் சுற்றிக்கொண்டு மூச்சடைத்து நின்றுவிடும், நான் கவிழ்த்துப் போட்டு நாரை ஒவ்வொன்றாக உருவ வேண்டும். சாப்பாட்டு அறையில் பழைய துரை காலத்து மெல்லிய கம்பளம், தேய்ந்து நூல் தெரியும். அதில் இது கட்டவிழ்த்த கன்றுக்குட்டி. என்னை இழுத்துக்கொண்டு ஓடும், ஓரத்துக் குஞ்சத்தைக் கவ்விக்கொள்ளும், கம்பளத்தையே சுருட்டிக்கொண்டு மேசைக்காலில் போய் இடிக்கும். நடைபாதையில் இறுக்கமாக நெய்த நீளக் கம்பளம் ஒன்று இருந்தது. அதில் மட்டும்தான் நல்ல பிள்ளை. தண்டவாளத்தில் போகிற மாதிரி நேராகப் போய் நேராகத் திரும்பும். அங்கே ஒரு விரல் போதும்.

ஹால் கம்பளத்தில் ஏறியதும் செத்துப்போகும். சக்கரம் புதையும், உருளை திணறும், உள்ளேயிருந்து சூடேறிய வாடை வரும். தானாக ஓடும் மெஷினை நான் இடுப்பு நோக நோகத் தள்ள வேண்டும். துரைசாணிக்கு முகம் தொங்கிப்போய்விட்டது. அந்தக் கம்பளத்துக்காகவே வாங்கி வந்த மெஷின் அல்லவா? அவருடைய ஊரில் அது அந்தக் கம்பளத்தில் ஓடியிருக்கிறது. இங்கே ஏன் ஓடவில்லை என்று அவருக்குப் புரியவில்லை. என்னைத்தான் சந்தேகமாகப் பார்த்தார்.

புரிந்தது ஒரு போயா நாளில். எங்கள் பங்களாவுக்குக் கரண்ட் பதுளையிலிருந்து வரவில்லை. ஓடைத் தண்ணீர் பெரிய குழாயில் இறங்கி ஸ்டோருக்குக் கீழே ஒரு டர்பைனைச் சுற்றும். வாட்டிய கொழுந்தை முறுக்கும் ரோலர்கள் ஓடுவது அந்தச் சுற்றில். பங்களாவுக்குக் கரண்ட் வருவதும் அதே சுற்றில். ரோலர் எல்லாம் ஓடும்போது எங்கள் பல்பு மஞ்சளாக அழுது வடியும். ரோலர் நின்றால் வெள்ளையாக எரியும். போயாவன்று ஸ்டோர் மூடிக் கிடந்தது. துரைசாணி தானே மெஷினை எடுத்து ஹாலில் ஓட்டிப் பார்த்தார். அது அந்தத் தடித்த கம்பளத்தில் அலுங்காமல் குலுங்காமல் நடந்தது. போன வழியெல்லாம் மயிர் ஒரு பக்கமாகச் சாய்ந்து, நீளநீளமாகக் கோடு விழுந்தது. ஒரு கோடு வெளிறியும், அடுத்த கோடு கொஞ்சம் கருத்தும். துரைசாணி குழந்தை மாதிரி கையைத் தட்டினார். துரையைக் கூப்பிட்டுக் காட்டினார். துரை பல்பைப் பார்த்தார், ஜன்னல் வழியாகக் கீழே ஸ்டோரைப் பார்த்தார், என்னவோ சொன்னார்.

மறுநாளிலிருந்து டெலிபோன் தொடங்கியது.

காலை பத்து மணிக்கு ஹால் சுத்தமாகிவிட வேண்டும் என்பது துரைசாணியின் சட்டம். மத்தியானத்துக்கு மேல் ரோலர் தானாகவே நின்றுவிடும், அப்போது பெருக்கலாமே என்று நான் கேட்டேன். மத்தியானம் அவர் படுத்துக்கொள்ளும் நேரம், சத்தம் கூடாது என்று சொல்லிவிட்டார். சுவரில் கைப்பிடி சுற்றும் டெலிபோன் ஒன்று இருந்தது. அதைச் சுற்றினால் ஸ்டோரில் மணி அடிக்கும். துரைசாணி சுற்றுவார். "ரெண்டு ரோலர் நிப்பாட்டு," என்று டீமேக்கர் ஐயாவிடம் சொல்வார். நான் மெஷினைப் பிடித்துக்கொண்டு பல்பைப் பார்த்தபடி நிற்பேன். முதல் ரோலர் நின்றதும் பல்பு ஒரு படி தெளியும். இரண்டாவது நின்றதும் இன்னொரு படி. மெஷின் முனகலை விட்டுப் பாட ஆரம்பிக்கும். நான் பெருக்கி முடித்ததும் மறுபடியும் கைப்பிடியைச் சுற்றி, "இப்ப ஓட்டு" என்பார்.

டீமேக்கர் ஐயா ஸ்டோருக்குப் பொறுப்பானவர். முதல் நாளே பங்களாவுக்கு ஏறி வந்து, கொழுந்து பாதி முறுக்கில் நின்றால் சூடாகிக் கெட்டுவிடும் என்று துரையிடம் பணிவாகச் சொல்லிப் பார்த்தார். கொஞ்ச நேரம்தானே என்று துரை சொன்னார். அதற்கப்புறம் அவர் வாயைத் திறக்கவில்லை. பங்களா டெலிபோனுக்கு எதிர்ப்பேச்சு ஏது?

"உன் மெஷின் நடக்கணும்னா என் மெஷின் நிக்கணுமாம். நல்ல கூத்து," என்று என் வீட்டுக்காரர் சிரித்தார்.

ரோலரை நிறுத்துகிற வேலை அவருடையதுதான். நிறுத்துவது என்றால் பொத்தானைத் தட்டுவது இல்லை. ஸ்டோரின் நீளத்துக்கும் கூரைக்குக் கீழே ஓர் இரும்புத் தண்டு சுற்றிக்கொண்டே இருக்கும். அதிலிருந்து ஒவ்வொரு ரோலருக்கும் ஒரு தோல் பெல்ட் இறங்கி வரும். ஓடுகிற பெல்ட்டைக் கம்பால் நெட்டித் தள்ளி, பக்கத்தில் சும்மா சுற்றும் சக்கரத்துக்கு மாற்ற வேண்டும். அப்போதுதான் ரோலர் நிற்கும். மறுபடி ஓட வைக்கவும் அதே நெட்டல்தான். விடியற்காலையில் தொடங்கும்போது ஒரு தடவை, வேலை முடியும்போது ஒரு தடவை என்று இருந்தது. இப்போது ஹால் கம்பளத்துக்காக நடுவில் வேறு.

மழைக்காலம் வந்தது. பெல்ட் ஈரத்தில் ஊறி, நெட்டி நெட்டி ஓரம் பிய்ந்து, தும்பு தும்பாகத் தொங்க ஆரம்பித்தது. இரண்டு முனையையும் சேர்த்துத் தைத்த இடத்தில் தையல் விட்டுக்கொண்டு வந்தது. புது பெல்ட் கேட்டு எழுதியிருப்பதாக டீமேக்கர் ஐயா சொல்லிக்கொண்டே இருந்தார். என் வீட்டுக்காரர் சாயந்திரம் வந்து கோட்டைக் கழற்றிப் போடும்போது தோல் கருகிய வாடை அடிக்கும். பங்களாவில் மெஷினில் அடிக்கிற அதே சூட்டு வாடை போல எனக்குத் தோன்றும். பத்து மணி நெருங்கும்போதெல்லாம் பல்பையே பார்த்துக்கொண்டு நிற்பேன். பல்பு ஒரு படி தெளிந்ததும் ஒரு மூச்சு விடுவேன், இரண்டாம் படி தெளிந்ததும் இன்னொரு மூச்சு. அந்த இரண்டு படிக்கும் நடுவே அவர் கையும் அந்தப் பெல்ட்டும்தான் என் கண்ணுக்குள் நிற்கும்.

ஒருநாள் அவர் சிரிக்காமல் சொன்னார்.

"இன்னைக்குப் பெல்ட்டுத் தையல் கம்பைக் கவ்விப் பிடுங்கிருச்சு புள்ள. கையில இருந்து போயிருச்சு. கூரையில போய் அடிச்சு ரெண்டா விழுந்துச்சு."

"நீங்க கையை எடுத்துட்டீங்களா?"

"எடுக்காமலா சோறு தின்னுக்கிட்டு இருக்கேன்?"

நாளைக்கு நான் மெஷினையே தொடப் போவதில்லை என்று அன்றே முடிவு பண்ணினேன். மறுநாள் வழக்கத்தைவிடச் சீக்கிரமாகப் பங்களாவுக்குப் போனேன். துணி உரசும் நார் பிரஷை எடுத்துக்கொண்டு ஹால் கம்பளத்தில் மண்டி போட்டேன். ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை கையாலேயே தேய்த்துத் தூசி எடுத்தேன். முழங்கால் தோல் உரிந்தது. துரைசாணி எழுந்து வந்தார். கம்பளத்தைக் கண்ணால் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"கோடு எங்க?" என்று கேட்டார்.

மெஷின் போயிருந்தால் கோடு விழுந்திருக்கும். கோடு இல்லையென்றால் அவர் கணக்கில் அழுக்குப் போகவில்லை. டெலிபோனைச் சுற்றினார்.

அடுத்த நாள் ஒரு பலகைத் துண்டில் ஈரத்துணியைச் சுற்றிக் கொண்டுபோனேன். பிரஷ் போட்டு முடித்ததும், பலகையை அழுத்தி, ஒரு கோட்டை அந்தப் பக்கமாகவும் அடுத்த கோட்டை இந்தப் பக்கமாகவும் இழுத்தேன். மயிர் அழகாகச் சாய்ந்தது. மெஷின் போட்ட கோடுதான் என்று நானே நம்பிவிடுவேன் போலிருந்தது. துரைசாணி வந்து பார்த்தார்.

"எப்ப?"

"விடியக்காலையிலேயே ஆச்சுங்க தொரசாணி. அப்ப ரோலர் ஓட்டம் கொறைவுங்க. நல்லா ஏறிருச்சு."

தலையாட்டிவிட்டுப் போனார். டெலிபோன் பக்கமே திரும்பவில்லை. எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது. அன்று சாயந்திரம் என் வீட்டுக்காரர், "என்ன புள்ள, இன்னைக்கு மணி அடிக்கல?" என்று கேட்டார். நான் சொன்னேன். என் முழங்காலைப் பார்த்தார். எண்ணெய் எடுத்து வந்து தடவிவிட்டார். "கள்ளி," என்றார். அப்படியே கொஞ்சநாள் ஓடியது. முழங்கால் காய்த்துப்போனது. நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். புது பெல்ட் வருகிற வரைக்கும் தாக்குப்பிடித்தால் போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

பெல்ட் வருவதற்கு முன்னால் விருந்தாளிகள் வந்தார்கள். கொழும்பிலிருந்து கம்பெனிக்காரர்கள், அவர்கள் மனைவிமார். அன்றைக்குப் பங்களாவைச் சுற்றி நல்ல மூடுபனி. பகலிலேயே ஹாலில் பல்பைப் போட்டிருந்தோம். நான் வழக்கம்போல விடியற்காலையிலேயே கோடு இழுத்து வைத்திருந்தேன். வந்தவர்கள் அதன்மேல் நடந்து, கோட்டையெல்லாம் கலைத்து, கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தார்கள். பேச்சு எப்படியோ மெஷின் பக்கம் போயிற்று. தானாக நடக்கும் மெஷினை அந்தப் பெண்கள் பார்த்ததில்லையாம். துரைசாணி எழுந்தார்.

"நீ அது கொண்டு வா," என்று என்னிடம் சொன்னார்.

"தொரசாணி, ஹாலு காலையிலேயே பெருக்கியாச்சுங்க. நடைபாதைக் கம்பளத்துல ஓட்டிக் காட்டுறேனுங்க. அதுலதான் நல்லா ஓடும்."

"இல்ல, இல்ல. இங்க. இது பெரிசு."

"ஸ்டோருல பெல்ட்டு சரியில்லைங்க தொரசாணி. இன்னைக்கு மழை வேறங்க."

நான் சொன்னது அவருக்குப் புரிந்ததா இல்லையா, இன்றுவரை தெரியாது. அதற்குள் டெலிபோனைச் சுற்றிவிட்டார்.

மெஷினைக் கம்பளத்தின் மேல் வைத்தேன். சுவிட்சைப் போட்டேன். வழக்கம்போல முனகிக்கொண்டு நின்றது. விருந்தாளிகள் காத்திருந்தார்கள். நான் பல்பைப் பார்த்தேன். ஒரு படி தெளிந்தது. சக்கரம் அரை உருட்டு நகர்ந்தது. அடுத்த படி வர வேண்டும். வரவில்லை. வழக்கமாக என் வீட்டுக்காரர் அவ்வளவு நேரம் எடுக்கமாட்டார். இன்னும் வரவில்லை. துரைசாணி என்னவோ சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் வந்தது. படியாக வரவில்லை. பல்பு கண்ணைப் பறிக்கிற வெள்ளையாக ஏறியது. மெஷின் வீறிட்டது. கைப்பிடி என் கையைவிட்டுப் பிய்த்துக்கொண்டு போனது. அந்தத் தடித்த கம்பளத்தில் ஒரு நாளும் ஓடாத ஓட்டம் ஓடி, குறுக்காகக் கோடு கிழித்துக்கொண்டு போய்ச் சுவரில் மோதி, மோதிய பிறகும் நிற்காமல் சுவரை முட்டிக்கொண்டே இருந்தது. விருந்தாளிகள் கையைத் தட்டிச் சிரித்தார்கள். அவர்கள் தட்டிக்கொண்டிருக்கும்போதே பல்பு வெடித்து அணைந்தது. மெஷின் நின்றது. அதற்குப் பிறகுதான் எனக்குக் காது கேட்டது. காலை முழுவதும் கீழேயிருந்து கேட்டுக்கொண்டே இருக்கும் ஸ்டோர் இரைச்சல் இல்லை.

யாரிடமும் சொல்லவில்லை. முன்வாசல் வழியாகவே ஓடினேன். வேலைக்காரர்கள் அந்த வழியில் போகக் கூடாது. பனியில் பாதை தெரியவில்லை. யாராக இருந்தாலும் இருக்கட்டும், அவராக மட்டும் இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டு ஓடினேன். அப்படி வேண்டினேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. பாதி வழியில் டீமேக்கர் ஐயா எதிரே ஓடி வந்தார். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார். அவர் சட்டையில் ரத்தம். அவர் வாயைத் திறக்கவே தேவையிருக்கவில்லை.

இரண்டாவது பெல்ட்டின் தையல், என் வீட்டுக்காரர் போட்டிருந்த கோட்டின் கையைக் கவ்வி இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. பக்கத்தில் இருந்தவர்கள் டர்பைனிலிருந்து அந்த இரும்புத் தண்டைச் சுற்றும் பெரிய பெல்ட்டையே வெட்டிவிட்டுத்தான் அவரை எடுத்திருக்கிறார்கள். சுமை எல்லாம் ஒரே நேரத்தில் விட்டுப்போனதால் டர்பைன் வெறி பிடித்துச் சுற்றியிருக்கிறது. தண்ணீரை அடைக்கிற வரைக்கும் அந்த வேகம் முழுவதும் பங்களாவுக்கு ஏறியிருக்கிறது. நான் கையில் பிடித்திருந்தது அதைத்தான்.

லொறியில் போட்டுக்கொண்டு போனோம். பதுளைக்குப் போகிற அத்தனை வளைவிலும் அவர் தலையை என் மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றினார்கள். வலது கை முழங்கைக்கு மேலேயே போய்விட்டது. கண் திறந்ததும், "கம்பு என்னாச்சு?" என்று கேட்டார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. அதற்கப்புறம் பல நாள் அவர் பேசவே இல்லை. எங்கள் காம்பராவில் நான் மட்டும் பேசிக்கொண்டிருந்தேன்.

லயத்தில் எல்லோரும் எலுமிச்சம்பழத்தைச் சொன்னார்கள். அப்பு சொல்லியிருப்பார் போல. அன்றைக்கே நசுங்கவில்லையாமே, அதுதான் கையைக் கேட்டு வாங்கிக்கொண்டது என்று வந்து வந்து சொன்னார்கள். எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. எலுமிச்சம்பழம் டெலிபோனைச் சுற்றவில்லை என்று கத்தினேன். பழத்தின் மேல் பழியைப் போடுவது சுலபம். அது வேலியோரத்தில் கிடந்து காய்ந்துபோனது, திருப்பிப் பேசாது. அன்று கத்திய பிறகு யாரும் என் முன்னால் அதைப் பற்றிப் பேசவில்லை.

அவர் எழுந்து நடமாடத் தொடங்கியதும் பங்களாவுக்குக் கூப்பிட்டு அனுப்பினார்கள். ஒரு கையோடு ஸ்டோரில் வேலை இல்லை, மலையிலும் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் லயத்தில் காம்பராவும் இல்லை. நாங்கள் இருவரும் ஹால் வாசலில் போய் நின்றோம். துரைசாணி அழுதிருந்தார், கண் சிவந்திருந்தது. அவர் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். சொல்ல முடிந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். யோசித்து யோசித்து ஒரு நல்ல வழி கண்டுபிடித்திருந்தார். அந்தச் சந்தோஷம் முகத்தில் தெரிந்தது. உள்ளே போய் அந்த மெஷினை எடுத்து வந்து என் வீட்டுக்காரர் முன்னால் நிறுத்தினார்.

"இனி இது உன் வேலை. இது தானா ஓடும். ஒரு கை போதும்," என்றார்.

ஏதாவது சொல்லிவிடுவேன் என்று பயந்து முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் மெஷினைப் பார்த்துக்கொண்டே நின்றார். இடது கையை அதன் கைப்பிடியில் வைத்தார். மெதுவாக ஹால் கம்பளத்தின் மேல் தள்ளினார். சுவிட்சைப் போட்டார். அது புதைந்து, முனகிக்கொண்டு நின்றது. பல்பு மஞ்சளாக எரிந்தது. கீழே ஸ்டோர் இரைந்துகொண்டிருந்தது.

துரைசாணி உதவி செய்கிற நினைப்பில், பழக்கத்தில், டெலிபோனிடம் போய்க் கைப்பிடியில் கை வைத்தார்.

என் வீட்டுக்காரர் மெஷினை விட்டுவிட்டு நேராக அங்கே போனார். துரைசாணி சுற்றுவதற்குள் தன் இடது கையால் அந்தக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். தோட்டத்து ஆள் ஒருவன் பங்களா டெலிபோனைத் தொட்டதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

"வேணாங்க தொரசாணி," என்றார். சத்தம் போடவில்லை. "அங்க இப்ப பெல்ட்டுகிட்ட நிக்கிறவனுக்கும் ரெண்டு கைதாங்க இருக்கு."

துரைசாணிக்கு அது மட்டும் புரிந்தது. கையை எடுத்துக்கொண்டார். எங்களைப் போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. ஜன்னலோரம் போய்த் திரும்பி நின்றுகொண்டார்.

நான் மெஷினின் சுவிட்சை அணைத்து நடைபாதையில் கொண்டுபோய் விட்டேன். சமையலறையிலிருந்து நார் பிரஷை எடுத்து வந்து கம்பளத்தில் மண்டி போட்டேன். என் வீட்டுக்காரரும் வந்து என் பக்கத்தில் மண்டி போட்டு, இடது கையால் ஓரத்து மயிரை நீவிவிட்டார். சுவர் வரைக்கும் குறுக்காகக் கிழித்திருந்த அந்தக் கோடு அதுவரை கலையாமல் இருந்தது. நான் வேலைக்குப் போகாத அந்த நாட்களில் யாரும் அதைத் தொடவில்லை போலும். அதன்மேல் நான் இரண்டு கையாலும் தேய்த்தேன். தேய்த்து முடித்ததும் துரைசாணி திரும்பிப் பார்த்தார். பலகைத் துண்டு சமையலறையில் இருந்தது, எடுத்து வந்து இழுத்திருக்கலாம். அன்றைக்கு நான் கோடு போடவில்லை. துரைசாணியும் கேட்கவில்லை.